பாஸானதில் ஒரு பங்கு

உப்பளத்து வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் மீன் பிடிக்கிறவர்கள் இருவர்.

“ஒம் மவன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதுல எம் மவனுக்கு இன்னா பங்கு மச்சான்?”

“பாஸு இன்னா மீனா, பங்கு போட?”

“எம் மவன் காட்டினான், ஒம் மவன் பார்த்து எழுதினான். மாட்டிக்கினது எம் மவன் மட்டும். ரெண்டு வருசம் பரீட்சை எழுதக் கூடாதாம். வலை இழுத்தவனுக்கெல்லாம் பங்கு குடுக்கறோம் இல்ல?”

பொன்னேரியில் பஸ் நின்றதும் மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் கும்மிடிப்பூண்டி ஆணிப் பட்டறையில எம் மவன் வேலைக்குச் சேரணும். அனுப்ப மாட்டேன். ஒம் மவன் பரீட்சை எழுதற வரிக்கும் இவனும் நம்மகூட வலை இழுக்கட்டும்.”

மறுநாள் காலை அந்தப் பட்டறைக்குப் போனேன். வரவேண்டிய ஆள் வரவில்லை என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எதுவரை படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.