நான்காவது கிளை

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், ஐயா. நான் சொல்லப்போவதில் நிமிடங்கள் நிறைய வரும். எழுதிக்கொள்கிறவர் அதைப் பார்த்துத் தவறாகக் குறித்துவிடக் கூடாதே என்றுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பெண் இறந்த அன்று, குளிர்பதனக் கிடங்கின் லைன் இருபத்திரண்டு நிமிடம் ஏன் நின்றது. எங்கள் தொலைத்தொடர்புக் கம்பெனி மேலதிகாரிகள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். படித்தால் தலை சுற்றும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு மூன்று இடங்களில் கிளை இருக்கிறது என்று வையுங்கள். மூன்றும் தங்களுக்குள் பேச வேண்டும், வெளியாருக்குக் கேட்கக் கூடாது. அவர்களுக்கென்று தனியாகக் கம்பி இழுக்க மாட்டோம். நூறு கம்பெனிகளின் பேச்சு ஒரே கம்பியில்தான் போகும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவோம். அந்த எண் உள்ள இடங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும், மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதற்குத் தனியார் வலையமைப்பு என்று பெயர். ஊராரிடமிருந்துதான் மறைவு, எங்களிடமிருந்து அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

கிடங்குக் கம்பெனிக்கு அந்த வலையமைப்பைப் போட்டுக் கொடுத்தது நான். தலைமை அலுவலகம், கிடங்கு, ஐஸ் தொழிற்சாலை என்று மூன்று இடம். போட்டு முடித்ததும் போன் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அப்படித்தான் அவர்களை முதலில் கேட்டேன். தலைமை அலுவலகத்தில் அண்ணன், கிடங்கில் தங்கை. நாற்பது வயதுத் தங்கையை அவர் குட்டி என்று கூப்பிட்டார்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. குளிர் அறைக்குள் அவள் மாஸ்க், குல்லாய், தடிமனான கையுறை என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் நடமாடுவாள். கழுத்தில் கார்ட்லெஸ் போன் தொங்கும். மணி அடித்தால் எடுப்பாள், பேச மாட்டாள். பேனாவால் போனை இரண்டு முறை தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் ஆமாம், ஒரு தட்டு என்றால் இல்லை. அண்ணன் தினமும் காலை ஒன்பது பத்துக்குக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பார்.

"என்ன குட்டி, உறைஞ்சு போயிட்டியா?"

இரண்டு தட்டு. அவர் சிரிப்பார். பிறகு அவள் வெளி அறைக்கு வந்து மாஸ்க்கை இறக்கிவிட்டு வாயாடத் தொடங்குவாள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று திட்டுவாள். லாரிக்காரன் சொன்ன பொய்யை நடித்துக் காட்டுவாள்.

சோதனை இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் காலை எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். அக்கா வெளிநாட்டில். என் பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் அனுப்புவாள், அதுவும் யாரோ அவளுக்கு அனுப்பியது. நாள் முழுக்க மனிதக் குரலே காதில் விழாத வீட்டில் பிரிட்ஜ் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர்களுடைய எண்ணை என் வீட்டு லைனுக்கும் கொடுத்தேன். நான்கு நிமிட வேலை. அவர்களுக்கு மூன்று கிளை, எனக்குத் தெரிந்து நான்கு. ஒரு கறுப்பு போன் வாங்கி வைத்து, அதிலும் தங்கையின் இணைப்பு எண்ணையே போட்டேன். அங்கே அடித்தால் இங்கேயும் அடிக்கும். அங்கே பேசினால் இங்கேயும் கேட்கும்படி செய்துகொண்டேன். இரண்டு பக்கமும் காபி குடிப்பார்கள், நானும் குடிப்பேன். நான்கு வருடம். ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால், அந்த லைனைப் போல் நான் வேறு எதையும் கவனித்துக்கொண்டதில்லை. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அது நின்றதில்லை.

போன மாதம் அண்ணன் சொன்னார், "எத்தனை நாளைக்கு நீ அந்தக் குளிர்ல கெடந்து கஷ்டப்படுவ? மாசம் முடிஞ்சதும் இங்கயே வந்துடு. எனக்கும் பேச்சுத் துணையாச்சு. கிடங்கைக் குத்தகைக்கு விட்டுடலாம், லைனும் எடுத்துடலாம்."

அவள் இரண்டு முறை தட்டினாள். வெளி அறையில் இருந்தாள், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் தட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. பேச்சுத் துணை வேண்டுமாம் அவருக்கு. நான்கு வருடம் அந்தத் துணையை அறுந்துவிடாமல் காத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒரு முறையாவது நினைத்திருப்பாரா? லைன் ஒழுங்காக ஓடும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலின் சாபக்கேடு அது. அதன் அருமையைக் கொஞ்சம் காட்டலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கிற அந்த நாளில் பதினொன்று நாற்பதுக்குக் கிடங்கின் லைனை நிறுத்தினேன். அந்தக் கம்பெனியின் புகார் அழைப்பு நேராக எனக்கு வரும்படி முன்பே செய்திருந்தேன். பதினொன்று நாற்பத்தாறுக்கு அவரே கூப்பிட்டார்.

"தம்பி, கிடங்கு லைன் போயிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. அங்க இருக்கற கேஸ் அளவ இங்க காட்டுற ஸ்கிரீன் வேலை செய்யல."

என்னைத் தம்பி என்றார். எங்கள் முதல் பேச்சு அது. சாப்பிட்டீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். பச்சை விளக்கு எத்தனை எரிகிறது என்று கேட்டேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார், மூச்சு வாங்கியது. "உங்களை விட்டா எங்களுக்கு யாரு தம்பி" என்றார். பதினாறு நிமிடம் பேசினோம். பன்னிரண்டு இரண்டுக்கு லைனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நடுவில், பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு, கம்ப்ரசர் அறையில், குளிரூட்டும் அமோனியா வாயு போகிற குழாய் விட்டுப்போயிருக்கிறது. முன்பும் இரண்டு முறை கசிந்ததுதான். அளவு ஏறத் தொடங்கும்போதே அண்ணன் ஸ்கிரீனில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், அவள் வெளியே வந்துவிடுவாள். அன்று அவர் ஸ்கிரீன் இருட்டாக இருந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளறையில் அவள் மட்டும். சுவர் முழுக்கத் தகரமும் தெர்மோகோலும், செல்போனில் சிக்னல் வராது. கேஸ் கசிந்தால் அலறும் சைரனைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

சைரன் இல்லாதது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அன்று காலை ஒன்பது பத்துக்கு அவள் சொன்னாள், "அண்ணா, சைரன் இன்னிக்கு இல்ல. கொஞ்சம் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே இரு." நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாள் முழுக்க லைனை மட்டுமே நம்பி இருக்கப்போகிறார்கள் என்று புரிந்தது. அருமை தெரிய வேண்டுமென்றால் அன்றைக்குத்தான் தெரியும். வேறு நாளில் செய்து என்ன பயன்?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருக்காது. தங்கை போனை எடுத்துப் பதில் சொன்னாள் என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அவர் உளறவில்லை. அதைத் திருத்திவிடுங்கள்.

லைன் வந்ததும் ஸ்கிரீனில் சிவப்பு பார்த்திருக்கிறார். பன்னிரண்டு மூன்றுக்கு அவளைக் கூப்பிட்டார். என் மேசையில் கறுப்பு போனும் அடித்தது. இரண்டு முறை அடித்தது. அவள் எடுக்கவில்லை. அங்கே அவர் தவிப்பது எனக்குத் தெரியும், பதினாறு நிமிடம் அந்தக் குரலோடு இருந்திருக்கிறேன். மூன்றாவது மணியில் நான் எடுத்தேன். நான் எடுத்ததும் அவள் பக்கம் மணி நின்றிருக்கும்.

பேனாவால் இரண்டு முறை தட்டினேன்.

"அப்பாடா" என்றார். அழுதுவிட்டார். "குட்டி, கேஸ் லீக் ஆகுது. வெளிய வந்துட்டியா?"

இரண்டு தட்டு.

"பயந்தே போயிட்டேன். ஃபயர் சர்வீசுக்குச் சொல்லட்டுமா?"

தீயணைப்பு நிலையம் கிடங்கிலிருந்து மூன்று நிமிடம். அவர்கள் வந்தால் விசாரணை, விசாரணை வந்தால் லைனைக் குடைவார்கள், நான்காவது கிளையை யாராவது பார்த்துவிடுவார்கள். ஒரு முறை தட்டினேன்.

"சரி, வாசல்லயே நில்லு. நானே வரேன்."

அவர் அலுவலகத்திலிருந்து காரில் பத்தொன்பது நிமிடம். உயிர் போன நேரம் பன்னிரண்டு இருபது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை.

போனை வைப்பதற்கு முன் அவர் கேட்டார். குரல் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்டார்.

"என்ன குட்டி, உறைஞ்சு போயிட்டியா?"

இரண்டு முறை தட்டினேன். அவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் என்னால் ஒருவர் சிரித்தது அந்த ஒரு முறைதான், ஐயா.

பாவம், இப்போது அந்த வீட்டில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார். தேவைப்பட்டால் என் எண்ணை அவருக்குக் கொடுங்கள். அவருக்கு என்னைத் தெரியும்.