கையுறை எந்தப் பட்டியலில்

ஓசூரிலிருந்து தளி போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இருவரும் உடுத்தியிருந்தது நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழிற்சாலையின் சீருடை. இளையவளின் உள்ளங்கையில் கட்டு.

“பழைய கிளவுஸக் குடுத்தாதான் புதுசுன்னாங்க, குடுத்தேன்க்கா. வாங்கி வெச்சுக்கிட்டு, இந்த மாசம் இல்லேன்னுட்டான் ஸ்டோர்காரன். கன்சூமபிள்ஸாம்.”

“அப்படின்னா?”

“சோப்பு, துடைக்கிற துணி மாதிரி தீர்ந்துபோற சாமானாம். மாசத்துக்கு ஒருக்காதான். ஹெல்மெட்டு வேற லிஸ்ட்டு, ஒடைஞ்சா அன்னிக்கே தர்றான்.”

“அதுக்கு நீ என்ன பண்ணுன?”

“வெறுங்கையோட சூடான மோல்டப் புடிச்சேன்.”

“உன் கையும் தீர்ந்துபோற சாமானா, மாதம்மா? அந்த லிஸ்ட்ட எழுதுனவன் கையக் கொண்டாந்து மோல்டுல வெக்கணும்!”

“அவன் ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருப்பான். எனக்கு நாளைக்கும் அதே மெஷின்தான்க்கா. ஒண்ணாந்தேதி வரைக்கும் வெறுங்கைதான்.”

அந்த அறையில் ஏசி இல்லை, மின்விசிறிதான். செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, ஸ்டோர் அதிகாரியாக இருந்தபோது கையுறையைச் சோப்புக்குக் கீழே சேர்த்து எழுதியவன் நான். ஒரே நிமிட வேலை. அதற்காகப் பாராட்டும் கிடைத்தது.

என் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன்.