நேராக அடித்த ஒரு வெளிச்சம்

“ஒரு செருப்புத் தடத்துக்குக் கல்யாண ஆல்பமா, அக்கா? நேரா ஒண்ணு அடிச்சா போதாதா?”

“போதாது. ஃபிளாஷைக் கேமராவுலேருந்து கழட்டுங்க. தரையோட தரையாப் பிடிச்சு, பக்கவாட்டுல அடிங்க. நேரா அடிச்சா தடம் வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும்.”

இருண்ட அறைகளில் உண்மையைத் தேடியவரே, இறந்தவர்க்கும் மரியாதை குறையாமல் படமெடுத்தவரே, ‘சாய்வெளிச்சம்’ என்று நாங்கள் கேலிக்கு வைத்த பெயரையே பட்டமாக ஏற்றுக்கொண்ட எங்கள் அக்காவே, வணக்கம்.

தடயப் புகைப்படப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள்; இன்று பணி ஓய்வு. கண்ணாடிச் சில்லில் கைரேகையையும், கதவின் காயத்தில் கடப்பாரையின் கீறலையும் வெளிச்சத்தைச் சாய்த்தே வெளியே கொண்டுவந்தீர்கள். ரத்தக்கறை பளபளக்காமலிருக்க ஃபிளாஷின் முகத்தில் கைக்குட்டையைக் கட்டுவீர்கள். மதியம் அதே கைக்குட்டை பையிலிருந்து எட்டிப்பார்த்தால் நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இந்த மடலை இதோடு நிறுத்திக் கண்ணாடிச் சட்டம் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே உள்ள பேச்சு நடந்த நாளை விட்டுவிட்டு உங்களைப் பாராட்ட எங்களுக்கு வாய் வரவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவுக் கிடங்கு. உள்ளறையில் கொலையுண்டு கிடந்த முதலாளியை நீங்கள் படமெடுத்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே மாவுத் தூசியில் ஒரே ஒரு செருப்புத் தடம். அதை எடுக்க வேண்டியவர், மேலே உங்களிடம் கேள்வி கேட்டவர்; பணியில் உங்களுக்குச் சமமான எங்களுள் ஒருவர். முழங்காலில் மாவு ஒட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. நின்றபடியே நேராக ஓர் அடி அடித்துவிட்டு நகர்ந்தார். நீங்கள் வருவதற்குள் உடலைத் தூக்கிப்போனவர்கள் தடத்தை மிதித்துவிட்டார்கள். படத்தில் வெள்ளைத் தரை மட்டும்தான் இருந்தது.

அங்கே மூட்டை சுமந்த தொழிலாளி பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். தடம் தெரிந்திருந்தால், அது அவருடைய செருப்பல்ல என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். உண்மைக் குற்றவாளி பிடிபட்ட பிறகு, அந்தத் தொழிலாளியின் மனைவி நம் அலுவலகத்துக்கு வந்தார்.

“அந்தப் படத்தை எடுத்தது யாருங்க?”

எடுத்தவர், ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஆளுக்கொரு காகிதத்தில் கண்ணைப் புதைத்தோம். பதிவேட்டில் அன்றைய குழுத்தலைவர் என்று உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. நீங்கள் எழுந்தீர்கள்.

“நான்தாம்மா.”

அந்த அம்மா திட்டவில்லை. “கொஞ்சம் நல்லாப் பாத்து எடுத்திருக்கலாமே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் உங்களுக்குக் கண்டனக் குறிப்பு வந்தது. பதவி உயர்வு நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பதினோரு ஆண்டுகள் நாங்கள் தேநீர் குடித்தோம்.

லென்ஸைத் துடைத்தவர்தான் இந்த மடலை இப்போது உங்கள் முன் நின்று வாசிக்கிறார். தானே வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நோயின்றி நெடுநாள் வாழுங்கள், அக்கா. உங்கள் முழங்கால் வலி விட்டுப்போகட்டும். எங்களுக்கும் சேர்த்து மண்டியிட்ட கால்கள் அவை.

இந்தக் கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் ஓர் உறை இருக்கிறது. அந்தக் கண்டனத்தை நீக்கக் கோரும் விண்ணப்பம் அது. படமெடுத்தவர் என்ற இடத்தில் அவரே தம் பெயரை எழுதியிருக்கிறார். கீழே எங்கள் அனைவரின் கையெழுத்தும் உண்டு, விண்ணப்பதாரரான உங்களுடையதைத் தவிர. போன வாரம் நீட்டியபோது, “போற நேரத்துல எதுக்குப்பா” என்று மடித்துக் கொடுத்துவிட்டீர்கள். பேனாவும் உறைக்குள்ளேயே இருக்கிறது. இன்று எல்லோர் முன்னிலையிலும் மறுபடி கேட்கிறோம்: கையெழுத்துப் போடுவீர்களா, அக்கா?

தலைகுனிந்து,
தடயப் புகைப்படப் பிரிவுப் பணியாளர்கள்