பையில்லாத சட்டை

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, சார். எழுதும் அறையிலும் சன்னலோர நாற்காலியில் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருப்பேன். இயற்பியல் படித்தவள் என்பதால், காலப் பயணக் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. இயக்குநர் என்னை ‘லாஜிக்’ என்பார். வசனம் எழுதிய அண்ணன் மட்டும் ‘தங்கச்சி’ என்பார்.

காட்சிகளை அட்டைகளில் எழுதிச் சுவரில் குத்திவைப்போம். நம்ப முடியாத காட்சி வந்தால் அறையிலேயே செய்துபார்ப்பது எங்கள் வழக்கம். ஒருமுறை இயக்குநரின் கண்ணாடியை அண்ணன் ஒளித்துவைத்தார். அவர் தேடி அலைந்த விதம் அப்படியே படத்தில் இருக்கிறது. தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கடைசிக் காட்சி என்னுடையது. ஆஸ்துமாவில் இறந்த அப்பாவைக் காப்பாற்ற மகன் பழைய காலத்துக்குப் போகிறான். பாசத்தில் அவர் மேசையை ஒழுங்குபடுத்துகிறான். எப்போதும் மேசைமேல் இருக்கும் இன்ஹேலரை டிராயருக்குள் வைத்ததே அவன்தான்.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “தங்கச்சி, நானே இன்ஹேலரும் கையுமா அலையுற ஆளு. கைக்கெட்டுற டிராயரைத் திறக்காம ஒருத்தன் செத்துப்போவானா? எனக்கே காது குத்துறியே!”

“செஞ்சு பாக்கலாமாண்ணா?” என்றேன்.

“எதை, நான் சாகுறதையா?”

இயக்குநரும் சேர்ந்து சிரித்தார். “நாளைக்குச் சாயங்காலம் தயாரிப்பாளர் கதை கேக்க வர்றார். அண்ணனுக்கே நம்பிக்கை வரலன்னா அந்த அட்டையைக் கழட்டிடு, லாஜிக்.”

அந்தப் படத்தில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும் அறையைச் சுத்தம் செய்தேன். திரைச்சீலைகளை உதறினேன். அலமாரியின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டேன். சன்னலை மூடினேன். அண்ணனின் மேசையையும் ஒழுங்குபடுத்தினேன். எப்போதும் முதலில் திரும்புகிறவர் அவர்தான்.

அவர் டிராயரைத் திறக்கவில்லை, சார். மேசையைத் தடவினார். பிறகு நெஞ்சைத் தடவினார். தயாரிப்பாளர் வருகிறார் என்று அண்ணி எடுத்துக்கொடுத்த புதுச் சட்டை அது. அதில் பையே இல்லை; அதனால்தான் இன்ஹேலரை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இல்லாத பைக்குள் திரும்பத் திரும்ப விரலை விட்டுப் பார்த்தார். என் பக்கம் கை நீட்டினார். நான் நாற்காலியிலேயே இருந்தேன். எடுத்துக்கொடுத்திருந்தால் விடை தெரியாமலே போயிருக்கும்.

எல்லாம் அடங்கியதும் இன்ஹேலரை அவர் கையருகே வைத்தேன். சன்னலைத் திறந்துவிட்டு, கீழே டீ குடிக்கப் போனேன். அப்போது நான் அறையில் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

காட்சியைத் திருத்தி எழுதினேன். அப்பாவுக்குப் பையில்லாத சட்டை போட்டு, இல்லாத பைக்குள் விரலை விட்டுத் தேடவைத்தேன். பிறகு கதை கேட்ட தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் போன இடமெல்லாம் ஓடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அண்ணி அந்தக் காட்சியில் எழுந்துவிட்டார்களாம். “அந்தச் சட்டையை அவர் அன்னைக்குத்தான் மொதமொதல்ல போட்டார். பக்கத்துல நின்னு பாத்தவங்கதான் இதை எழுதியிருக்கணும்” என்று உங்களிடம் சொன்னார்களாம். சரியான வாதம். ஓட்டை கண்டுபிடிக்கிறவள் நான். என் ஓட்டை என் கண்ணில் படவில்லை.

ஆனால் கொலை என்கிறார்களே, அது சரியில்லை, சார். அண்ணன் அப்படி நினைக்கவில்லை. கடைசியாக என்னையே பார்த்துத் தலையை அசைத்தார். காட்சி சரியாக வந்துவிட்டது, அட்டை சுவரிலேயே இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.