முதல் வாய்ச் சோறு

ஜெயமேரி: தள்ளி உக்காருடி மெகரு. வார்டுல இருசம்மாளும் உனக்கு, பஸ்ஸுல சன்னலும் உனக்கா?

மெகருன்னிசா: இந்தா, நீயே உக்காரு. சிதம்பரத்துல ஏறுனதுலேருந்து மூணு தடவ இருசம்மாளப் பேச்சுல இழுத்துட்ட.

ஜெயமேரி: பின்ன? சிஸ்டர் அந்தப் பேஷண்ட மொதல்ல யாருக்குக் குடுத்தாங்க? எனக்கு. மூணு நாளு சோத்துத் தட்டோட நின்னேன். "வெசம், வெசம்"னு மூஞ்சியில துப்புனா. என்ன ஓ.பி.க்குத் தள்ளிட்டு உன்ன வார்டுல போட்டாங்க. உங்கிட்ட ஒரே நாள்ல வாயத் தொறந்துட்டா...

மெகருன்னிசா: கொழுந்தன் சோத்துல வெசம் வச்சிட்டான்னு நெனைக்கிறவ. உம்மேல என்னடி கோவம் அவளுக்கு?

ஜெயமேரி: அந்த வெசக் கதையத்தான் அவ வீட்டுலயே கேட்டு கேஸ் நோட்டுல எழுதிட்டு வர்றோமே. பாவம், அந்தக் கொழுந்தன் அழுதுட்டான். நான் கேக்குறது வேற. உங்கிட்ட மட்டும் எப்படித் தின்னா?

மெகருன்னிசா: பக்கத்துல உக்காந்தேன். பேசாம இருந்தேன்.

ஜெயமேரி: நான் பேசுனேன், அதானே?

மெகருன்னிசா: ஜெபம் வேற பண்ணியாமே...

ஜெயமேரி: சிரி, நல்லா சிரி. "மெகருன்னிசாவப் பாத்துக் கத்துக்குங்க"ன்னு ட்யூட்டர் சிஸ்டர் இருவது பேரு முன்னாடி சொன்னாங்க. என்னப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. வயிறு எரிஞ்சிச்சிடி. மறைக்கல, சொல்லிட்டேன்.

மெகருன்னிசா: தெரியும்.

ஜெயமேரி: நாளைக்கு நோட்டீஸ் போர்டுல பேரு ஒட்டுவாங்க. மெட்ராஸு மெண்டல் ஆஸ்பத்திரில மூணு மாசம் ட்ரெய்னிங், ஒரே ஒருத்திக்கு. எல்லாப் பரீட்சையிலயும் நான்தான் மொத. இதுல மட்டும்...

மெகருன்னிசா: நீயே போயேன்.

ஜெயமேரி: பிச்ச போடாத. ...சரி, இத வச்சிக்க.

மெகருன்னிசா: என்னது?

ஜெயமேரி: பேரீச்சம்பழம். சிதம்பரம் தேரு கூட்டத்துல இடிபட்டு வாங்குனேன். பொழுது சாயுறப்ப பஸ்ஸுல இருப்போமே, நோன்பு தொறக்க உனக்கு ஒண்ணும் இருக்காதேன்னு...

மெகருன்னிசா: எனக்கா?

ஜெயமேரி: வயிறு எரிஞ்சாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குடி. பன்னெண்டு நாளா பல்லுல பச்சத்தண்ணி படாம வார்டுல நிக்கிற. சமையல்கார தங்கம்மாக்கா இந்த மார்கழிக் குளுருல நாலு மணிக்கு எழுந்து உனக்குச் சோறு போடுறாங்க. ஹாஸ்டல் பூரா உம்பேச்சுத்தான். அதுலயும் உனக்குத்தான் பேரு.

மெகருன்னிசா: போதும் விடு.

ஜெயமேரி: முட்லூர் வந்தாச்சு. கேளு, பள்ளிவாசல்ல பாங்கு சொல்றாங்க. ம், தொற.

மெகருன்னிசா: அப்பறம் தின்னுக்குறேன்.

ஜெயமேரி: பாங்கு கேட்டதும் தொறக்கணும்னு நீதானடி சொன்ன?

மெகருன்னிசா: பசிக்கல.

ஜெயமேரி: பசிக்கலயா! ஏன், நான் வாங்குனா அதுவும் வெசமா?

மெகருன்னிசா: அப்படிச் சொல்லாதடி... எனக்கு இன்னிக்கி நோன்பு இல்ல.

ஜெயமேரி: ஒடம்புக்கு எதாவது...

மெகருன்னிசா: நேத்தும் இல்ல. ஒம்போது நாளா இல்ல.

ஜெயமேரி: அப்ப தங்கம்மாக்கா போடுற சோறு?

மெகருன்னிசா: நோன்பு புடிக்கத்தான் எழுந்திரிக்கிறேன். மத்தியானம் இருசம்மாள் தட்டு வர்ற வரைக்கும் தாங்குது. "நீ ஒரு வாய் தின்னு, அப்பறம் நான் தின்னுறேன்"ங்கிறா. நோன்பு மொத மூணு நாளு அப்படிக் கேக்கல. நாலாம் நாளு திடீர்னு புடிச்சிக்கிட்டா. காலையிலயும் தின்னல, மத்தியானமும் தட்டத் தள்ளிட்டா. எலும்புந்தோலுமா கெடக்குறவ. மூக்குல குழாய் போட்டுறலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான்... தின்னேன்.

ஜெயமேரி: ஐயோ...

மெகருன்னிசா: முழுங்குறப்ப அழுக வந்துடுச்சி. அவ என் கண்ணத் தொடச்சிவிட்டுட்டுத் தின்னா. வாப்பாவுக்குத் தெரிஞ்சா படிச்சது போதும்னு பரங்கிப்பேட்டைக்கே கூட்டிட்டுப் போயிடுவாரு. விட்ட நோன்ப நோன்புப் பெருநாளு போனப்பறம் புடிச்சிக்கணும்.

ஜெயமேரி: மெகரு... நான் ஒண்ணு சொல்லணும்.

மெகருன்னிசா: வேணாம்.

ஜெயமேரி: அந்த நாலாம் நாளு நீ மாத்திர எடுக்கப் போனப்ப...

மெகருன்னிசா: வேணாம்னேன்ல!

ஜெயமேரி: நான்தான்டி வார்டுக்குள்ள வந்து அவ காதுல போட்டேன். "மெகரு அந்தச் சோத்தத் தொடவே மாட்டா, ஏன்னு யோசிச்சியா? அவள மொதல்ல தின்னச் சொல்லு"ன்னு. நீ செத்தாலும் நோன்ப விடமாட்ட, அவளும் தின்னமாட்டான்னு நெனச்சேன். எங்கிட்ட தின்னாதவ உங்கிட்டயும் தின்னக்கூடாது... அவ்ளோ பொறாம. என்ன அடிச்சிருடி.

மெகருன்னிசா: எனக்கு அன்னிக்கே தெரியும்.

ஜெயமேரி: யாரு சொன்னா?

மெகருன்னிசா: அவளேதான்.

ஜெயமேரி: அப்ப சிஸ்டர்கிட்ட ஏன் சொல்லல? என்ன அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்களே...

மெகருன்னிசா: சொன்னா, அவ தெனம் கேக்குறதையும் சொல்லணுமேடி. "உண்மையச் சொன்னவ ஜெயமேரி ஒருத்திதான். அவளக் கூப்புடு, அவ கையால எதையும் கேக்காம தின்னுறேன்"னு தெனம் கேக்குறா. ஜெயமேரி படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான்னு நான்தான் அவகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன். நோன்ப விட மனசு வந்துச்சி, அவள உனக்கு விட மனசு வரலடி.