வாய்க்கால் முனையில் ஒலித்த சேகண்டி

சேகண்டியைக் கையில் இறுக்கிப் பிடித்து அடித்தால் ஓசை செத்துவிடும், ஐயா. கயிற்றில் தொங்கவிட்டுத்தான் அடிக்க வேண்டும். எங்கள் கரையில் மூடுபனி இறங்கினால் அதை அடிப்பது என் வேலை. கடல் உள்வாங்கிய சேற்றில் இறங்கியவர்களுக்குப் பனியில் கரை தெரியாது. ஓசை வரும் திக்கில் நடந்தால் ஓதம் ஏறிக் கடல் திரும்புவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம்.

சேற்றில் தோண்டி எடுக்கும் மட்டிச் சிப்பி அற்றுப்போகும் நிலை வந்தபோது எங்கள் மீனவர் சங்கம் சேற்றை மூடியது. யாரும் தோண்டக் கூடாது. குஞ்சு மட்டிகளை விதைத்துவிட்டு, கஞ்சியும் கிம்ச்சியுமாகக் காத்திருந்தோம். என் மகன் பிழைப்புத் தேடி இஞ்சோன் நகரத்துக்குப் போய்விட்டான். ஆனால் பனி இறங்கும் நாளெல்லாம் பக்கத்து ஊர் கிதோக்கும் அவன் மைத்துனனும் வந்து, நகம் அளவுக் குஞ்சுகளைக்கூட வாரிப் போனார்கள். உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். பனியில் யாரைப் பிடிப்பது என்று கேட்டீர்கள்.

சந்தையில் கிதோக் என் தோளில் கை போட்டான்.

"பான்சிக் அண்ணே, நீ அடிக்கிற புண்ணியத்துலதான் நாங்க பத்திரமா வீடு போய்ச் சேர்றோம். கை வலிச்சா சொல்லு, தைலம் வாங்கித் தர்றேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அவர்கள் உள்ளே இருக்கும்போது அடிக்க மாட்டேன் என்று சங்கத் தலைவி மால்சுன்னிடம் சொன்னேன்.

"சேத்துல நிக்கிறவன் எந்த ஊருன்னு பாத்தா அண்ணே அடிப்ப? வீம்பு புடிக்காம போய் அடி."

நான் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவன். அடிக்காமல் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பனி இறங்கியது. சேற்றில் அவர்களுடைய வாளிகள் இடிபடும் சத்தம் கேட்டது. சேகண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கமாக அடிக்கும் இடத்தை விட்டுக் கரையோரமாக வடக்கே நடந்து பெரிய வாய்க்கால் முனைக்குப் போனேன். ஓதம் முதலில் புகும் இடம் அது. சேற்றிலிருந்து அந்தப் பக்கம் வருகிறவன் வாய்க்காலில் இறங்காமல் கரையேற முடியாது. இறங்கினால் மீள முடியாது. அங்கே நின்று நிதானமாக அடித்தேன்.

கிதோக்கின் சிரிப்பு நெருங்கி வந்தது. அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"அண்ணே, நான்தான் மால்சுன். இவனுங்கள வெரட்டலாம்னு வந்தேன். ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் பலமா அடி."

பலமாக அடித்தேன்.

"தண்ணி ஏறுது மாப்ள" என்றான் கிதோக். பிறகு வாளிச் சத்தம் இல்லை. மால்சுன் மட்டும் கொஞ்ச நேரம், "இந்தப் பக்கந்தானே அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று உடல்களைத் தேடி உங்கள் ஆட்களோடு போனபோது பார்த்தேன், சேற்றில் நன்றாகப் பிடித்து வளர்ந்திருக்கின்றன.

அவள் குரல் கேட்டதும் நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். சேகண்டியை நடுவில் நிறுத்தக் கூடாது, ஐயா. பனிக்குள் இருப்பவர்களுக்கு வழி தவறிவிடும்.