வடியாத கரி

– ஏங்க, கரியை மாவா அரைச்சுத் தண்ணியில போட்டு மண்ணு போகக் கழுவுறீங்க. அப்புறம் அந்தத் தண்ணி வடியலன்னு எங்க அண்ணன வேலைய விட்டு அனுப்பிட்டீங்க. கேக்கவே கூத்தா இல்ல?

– நானா அனுப்புனேன், மேரி? ஆபீசருல்ல அனுப்புனாரு. லூர்து மச்சானுக்குப் பம்பு வேலை. கரி களி மாதிரி ஈரமா வந்துச்சு. இரும்பு ஆலைக்காரன் ரெண்டு வேகனைத் திருப்பி அனுப்பிட்டான். பழி பம்புக்காரர் மேல விழுந்துருச்சு.

– நீங்க வேலை பாக்குற பீகார்ல வெயிலே கெடையாதா? நம்ம ஆவூர்க் கோயில் வாசல்ல கொட்டுனா ஒரு பொழுதுல காஞ்சிருமே.

– அட நீ ஒருத்தி! நாளைக்கு நூறு வண்டிப் பொடி. எங்கிட்டுக் கொட்டுறது? காத்தடிச்சா ஊரே கறுத்துப் போயிரும். அதுக்குத்தான் மிசினு.

– அது எப்படித் தண்ணிய எடுக்குது?

– ஒனக்குப் புரியாது.

– புரியற மாதிரி சொல்லுங்க. பதினோரு மாசம் கழிச்சு லீவுல வந்திருக்கீங்க, பேசுனா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?

– தொட்டி நெறையக் கரிக்கொழம்பு. அதுல பீப்பா மாதிரி ஆளுயரச் சக்கரம் சுத்தும், சக்கரத்துக்குத் துணி போத்தியிருக்கும். உள்ளருந்து பம்பு உறிஞ்சும். தண்ணி துணி வழியா உள்ள போயிரும், கரி வெளியில அடை மாதிரி ஒட்டிக்கிரும். மேல வந்ததும் தகடு சொரண்டிரும்.

– ஓகோ, தேங்காப்பால் புழியறாப்புல! துணி அடைச்சுக்கிராதா?

– அடைக்கும். அப்பப்ப மாத்தணும். அதுதான் என் வேலை.

– ஈரம் எப்ப வர ஆரம்பிச்சுச்சு?

– போன மாசம். புதுத்துணி மாட்டுன மறுநா.

– அண்ணன் போனதுக்கப்புறம்?

– புதுசு ஓரம் பிஞ்சிருச்சுன்னு பழைய துணியவே திரும்ப மாட்டுனோம். நல்லா வடிஞ்சிருச்சு. பம்புக்காரர் மாறுனதாலன்னு எல்லாரும் சொல்றாங்க.

– பழசுல வடியுது, புதுசுல வடியலையா? புதுசை என்னங்க செஞ்சீங்க?

– தொளதொளன்னு கெடந்துச்சு, சக்கரத்துல நிக்கல. சோறு வடிச்ச கஞ்சியக் கெட்டியாப் போட்டு, வெறப்பாக் காயவச்சு மாட்டுனேன். ஆரோக்கியமுத்து மாட்டுன துணி, திருவிழா வேட்டி மாதிரி நிக்குதுன்னு பீகார்க்காரனுகளே...

– ஏன் நிறுத்திட்டீங்க?

– கஞ்சி, மேரி. கஞ்சி இழையை அடைச்சிருக்கு. அது கரையறதுக்குள்ள கரிப்பொடி போய் அப்பிக்கிருச்சு. பம்பு ஒழுங்காத்தான் உறிஞ்சியிருக்கு. அய்யோ மாதாவே, இது எனக்கு ஒறைக்கலையே!

– அப்ப எங்க அண்ணன் மேல தப்பே இல்ல.

– துளிகூட இல்ல. ஆபீசருக்கு எழுதிப்போட்டா மச்சானுக்கு வேலை திரும்பக் கெடைக்கும். என் வேலை போயிரும். மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எழுதாட்டி மச்சான் முகத்துல எப்படி முழிக்க?

– அண்ணன் வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லுச்சுங்க: ‘மாப்ள லீவுல வந்தா, இனிமே மிசின் துணிக்குக் கஞ்சி போட வேணாம்னு மட்டும் சொல்லிரு, தாயி. வேற எதுவும் கேட்டுறாத’ன்னு. எனக்குத்தான் கேக்காம இருக்க முடியல.